நாலுக்கு ஏழரை

"நாலடி அகலம், ஏழரை அடி உயரம். ஒரு இன்ச் கூட மாறக் கூடாது ஜான்சி" என்றார் சம்பத்.

வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் அவர். தாம்பரம் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய அந்த மூன்று மாடி வளாகத்தில், எந்தக் கடைக்கு எந்தப் பலகை என்பதிலிருந்து கக்கூஸ் சாவி யாரிடம் என்பது வரை சங்கம் வைத்ததுதான் சட்டம். தரைத்தளத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜான்சியும் அதில் உறுப்பினர்.

"கண்ணீர் அஞ்சலின்னா ஆறுக்கு நாலு, படுக்க வச்சுதானேண்ணா அடிப்போம்? இது இன்னா நெட்டுக்குத்தா? அதுவும் ஏழரை."

"நமக்கு ஏழரை புடிச்சுதானேக்கா கீது" என்றான் கூட வந்த தீனா. சங்க ஆபீசில் எடுபிடி வேலை அவனுக்கு. சம்பத் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"யாருக்குண்ணா?"

"தனத்துக்கு."

ஜான்சியின் விரல் கீபோர்டில் நின்றது. தனம் பதினேழு வருடம் அந்த வளாகத்தைப் பெருக்கித் துடைத்தவள். முந்தாநாள் மேலே துடைக்கும்போது வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள். அன்று ஜான்சி ஒரு கம்பெனிக்குப் பலகை மாட்ட திருமுடிவாக்கம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நேற்று இரும்புலியூரில் அடக்கம்.

உறுப்பினர் செத்தால்தான் சங்கம் ஃபிளெக்ஸ் வைக்கும். துடைக்கிறவளுக்கு வைத்து ஜான்சி பார்த்ததில்லை.

"நாலு மணிக்குக் கூட்டமைப்புக்காரங்க வர்றாங்களேண்ணா? சிறந்த வளாகம்னு விருது குடுக்கப் பாக்க வர்ற நாள்ல சாவு ஃபிளெக்ஸா?"

"மனுசத்தன்மை உள்ள சங்கம்னு அவங்களும் தெரிஞ்சிக்கட்டுமே."

ஜான்சி அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள்.

"எங்கள் அன்புச் சகோதரின்னு போடு" என்றார்.

"எங்கள் வளாகத்தின் பணியாளர்னு போடறேன்."

"சகோதரின்னா அவளுக்கு மரியாதை."

"யாருக்கு வேணும் மரியாதை? அவ பொண்ணு தமிழினி நேத்து ராத்திரி வரைக்கும் உங்க ஆபீஸ் வாசல்ல நின்னா. அம்மா இங்க வேலை செஞ்சான்னு லெட்டர் பேடுல ஒரு வரி கேட்டா. அது இல்லாம லேபர் ஆபீஸ்ல நஷ்ட ஈட்டு மனுவைக் கையில வாங்க மாட்டேன்றானுங்க. நீங்க கான்ட்ராக்டரைக் கை காட்டி அனுப்பிட்டீங்க. இப்ப சகோதரி. உயிரோட இருந்தப்ப சகோதரிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

தீனா இருமுவதுபோல் சிரித்தான். சம்பத் மணியைப் பார்த்தார். இரண்டரை.

"சரி, இன்னா வேணா எழுதிக்கோ. அளவும் டைமும்தான் முக்கியம். சுத்தி ரீப்பர் கட்டைல சட்டம் அடிச்சுக் குடு. அப்புறம், பிளாக் பேக்குல அடி."

முதுகு கறுப்பாக இருக்கும் கனத்த ஃபிளெக்ஸ் அது. பின்னால் விளக்கு எரிந்தாலும் முன்னால் தெரியாது. நடுரோட்டில் வைக்கிற விளம்பரத்துக்குத்தான் கேட்பார்கள்.

"சுவத்துல சாத்தறதுக்கு எதுக்குண்ணா பிளாக் பேக்?"

"செலவு பாக்காதே ஜான்சி. அவளுக்கு இது கூடச் செய்யலைன்னா எப்படி?"

அவர் போனதும் ஜான்சி பெரிய எழுத்தில் அடித்தாள்: 'எங்கள் வளாகத்தில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய தனம் அவர்களுக்கு.' கீழே சங்கத்தின் பெயர், முத்திரை, செயலாளர் பெயர். லெட்டர் பேடில் கிடைக்காத வரி நாலடி அகலத்தில் வந்துவிட்டது. தமிழினிக்குப் போன் செய்தாள்.

"மாலை ஒண்ணு வாங்கிக்கினு வா கண்ணு. சங்கமே உங்கம்மா பேரை எழுதி வைக்குது. அதை போட்டோ புடிச்சு மனுவோட சேத்துடு. அப்புறம் எவன் இல்லேன்றான் பாக்கலாம்."

மூன்றரைக்கு தீனா ஃபிளெக்ஸைத் தலையில் தூக்கிக்கொண்டு படியேறினான். லிஃப்ட் ரிப்பேராகிப் பதினோரு மாதம் ஆகிறது. முட்டி வலியால் ஜான்சி அதற்கப்புறம் மேல்மாடிப் பக்கமே போனதில்லை. இன்று தனத்துக்காக, சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் ஏறினாள். தமிழினி மாலையோடு முன்னால் போனாள்.

மேலே புது வெள்ளையடித்த சுவரின் நடுவில், ஃபிளெக்ஸ் படத்தில், தனம் நீலக் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். சம்பத் நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நச்சுன்னு உக்காந்துச்சு" என்றார்.

தமிழினி சட்டத்து ஆணியில் மாலையை மாட்டினாள். 'பணியாற்றிய' என்ற எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். அதுவரை அழாதவள், அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துச் சாய்ந்தாள். ஃபிளெக்ஸ் உள்ளே குழிந்தது.

சம்பத் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அதுல சாயாதம்மா. பின்னாடி ஒண்ணும் இல்ல."

ஜான்சி சட்டத்தின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். கதவைக் கழற்றிக்கொண்டு போய்ப் பதினோரு மாதமாகத் திறந்து கிடக்கும் லிஃப்ட் வாசல். மூன்று மாடிக்குக் கீழே, குழியின் அடியில், தனத்தின் வாளி இன்னும் கவிழ்ந்து கிடந்தது.