இன்னொரு ஆரோக்கியதாஸ்

“ஏனுங்க, நான் வாங்காத தறிக் கடன் ஒண்ணு எம் பேருல நிக்குதுங்க. அதனால ஊட்டு லோன் தர மாட்டேங்கறாங்க!”

சரவணம்பட்டியில் கிரெடிட் ரிப்போர்ட் பிழைகளைத் திருத்தித் தரும் மெல்வின், வந்தவரின் ஆதாரைப் பார்த்துச் சிரித்தான்.

“ஆரோக்கியதாஸ், செப்டம்பர் எட்டு. ஆரோக்கிய மாதா திருநாள்ல பொறந்தீங்களா?”

“ஆமாங்க. எங்க சர்ச்சுப் பங்குல அன்னிக்குப் பொறந்தா இந்தப் பேருதானுங்க.”

“அதானுங்க குழப்பம். அதே பேரு, அதே தேதி இருக்கற வேற யாரோட கடனோ உங்க கணக்குல ஏறிப்போச்சு. ஆட்சேபம் போடறேன். பேங்க்குல பான் நம்பரை ஒத்துப் பார்த்தா, வாங்கின ஆளு தலையிலயே விழுந்துரும்.”

“அந்த ஆளைச் சும்மா உடாதீங்க!”

“உடுவனுங்களா?”

அடுத்த மாதமே ரிப்போர்ட் சுத்தமானது. சில நாள் கழித்து, மாலையில் ஒரு கேக்கோடு கருமத்தம்பட்டியில் இருக்கும் தன் வீட்டுக்குள் நுழைந்தான் மெல்வின்.

அப்பா போனை நீட்டினார்.

“கண்ணு, ‘அன்புள்ள ஆரோக்கியதாஸ், தறிக் கடன் பாக்கி’ன்னு பேங்க் மெசேஜ். உனக்குச் சொல்லாம எப்பவோ வாங்கினது. இத்தனை வருசம் சத்தமே இல்ல, இப்ப எவனோ கிளப்பி உட்டுட்டான். நீ இதுல கெட்டிக்காரனாச்சே, அவனைச் சும்மா உடாதே!”

“மொதல்ல பொறந்தநாள் கேக்கை வெட்டுங்கப்பா,” என்றான் மெல்வின்.