காகிதக் குருவிகளின் வேகம்

முதல் சுற்றிலேயே ஒரு குருவியின் வால் பிய்ந்து ஜன்னல் பக்கம் பறந்தது.

மோட்டார், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றியது. மின்சாரத்தை முழுசாகக் கொடுத்தால் பேய் பிடித்ததுபோல் சுற்றும். தொட்டிலுக்கு மேலே தொங்கிய ஐந்து காகிதக் குருவிகளும் எது எந்த நிறம் என்று தெரியாமல் ஒரே வளையமாகிவிட்டன.

மனைவி புருவத்தை உயர்த்தினாள். இது குழந்தைக்கா, இல்லை மிக்ஸிக்கா என்று அர்த்தம்.

அவன் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். மோட்டாரோடு மல்லுக்கட்டுவது அவனுக்குப் புதிதில்லை.

தடுப்பூசி போட்ட நர்ஸ் போகிற போக்கில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். நான்கு மாதக் குழந்தை அசைகிற பொருளைக் கண்ணால் தொடர வேண்டுமாம். டார்ச்சை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். மகளின் கண் அசையவில்லை. கண் டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

அதற்காகத்தான் இந்தக் குருவிகள்.

வேகத்தை அடக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருந்தான். அது மின்சாரத்தைக் கொடுக்கும், நிறுத்தும், கொடுக்கும், நிறுத்தும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. கொடுக்கும் நேரத்தைக் குறைத்தால் மோட்டாரும் நிதானத்துக்கு வரும்.

ரொம்பக் குறைத்தால் முரண்டு பிடித்துக் கிளம்பவே கிளம்பாது. அதற்கும் ஒரு வழி உண்டு. ஆரம்பத்தில் மட்டும் முழு பலத்தில் ஒரு தள்ளு, உடனே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். சோம்பேறிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரிதான்.

லேப்டாப்பில் எண்ணை மாற்றினான். குருவிகள் சாவகாசமாக வலம் வந்தன. மனைவி மகளைத் தொட்டிலில் கிடத்தினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கண்களையே பார்த்தார்கள்.

மகள் குருவிகளைப் பார்க்கவில்லை.

தலையை இடப்பக்கம் திருப்பித் தொட்டிலின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. மோட்டாரை உள்ளே வைத்து மூடிய கறுப்புப் பெட்டி மட்டும்தான். குழந்தையின் தலைக்கு மேலே பாரம் இருக்கக் கூடாது என்று அதை ஓரச் சட்டத்தில் பொருத்தி, ஒரு ரப்பர் பட்டையால் குருவிகளைச் சுழலவிட்டிருந்தான்.

நிறுத்தினான். தலை நேரானது. மறுபடி போட்டான். தலை மறுபடி ஓரத்துக்கே போனது.

வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். சிவப்புக் குருவியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினான். மகள் எதற்கும் மசியவில்லை. கண் ஓரமாகவே ஒதுங்கிக்கொள்கிற நோய் ஏதாவது இருக்கிறதா? இணையத்தில் தேடிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்பது தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டே இரண்டு காதையும் பொத்தினாள்.

"என்னண்ணா இது, கொசுவ மைக்கு முன்னாடி விட்ட மாதிரி? அந்தப் பெட்டியா இப்படிக் கத்துது?"

அவன் அவள் வாயையே பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். பையைக் கீழே போட்டுவிட்டு, சொன்னதையே மறுபடி கையால் சொன்னாள்.

அந்த வீட்டில் இப்போது காது கேட்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இப்போதுதான் உள்ளே வந்தாள். இன்னொருத்தி தொட்டிலில் கிடந்தாள்.

அவன் பெட்டியின் மேல் விரல் நுனியை வைத்தான். மெல்லிய ஓர் அதிர்வு இருந்தது. காலையிலும் தொட்டுப் பார்த்து, மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டான். இப்படிக் கொடுத்து நிறுத்திக் கொடுத்து நிறுத்தினால் மோட்டார் பாட ஆரம்பித்துவிடும் என்று எங்கோ படித்ததுதான். ஒரு தடவைகூடக் கேட்டிராத விஷயம் நினைவில் எப்படி நிற்கும்?

மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று பிறந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பயமெல்லாம் கண்ணைப் பற்றித்தான். கையால் பேசுகிற அப்பாவும் அம்மாவும், பார்க்க முடியாத மகளிடம் எதைக் கொண்டு பேசுவார்கள்?

சிவப்புக் குருவியை அவிழ்த்தான். பெட்டிக்கு முன்னால், மகள் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில் பிடித்து, மெல்ல நகர்த்தினான்.

மகளின் கண் குருவியோடு நகர்ந்தது. மேலே போனால் மேலே போனது, கீழே வந்தால் கீழே வந்தது.

மனைவி அவன் கையை ஒதுக்கிவிட்டுத் தன் விரல்களைக் கொண்டுவந்தாள். மகள் விரல்களையும் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தாள் மனைவி, ஆனால் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இந்தச் சத்தத்தை நிறுத்தவே முடியாதா என்று தங்கை கையால் கேட்டாள்.

முடியும். நொடிக்கு எத்தனை தடவை கொடுத்து நிறுத்துவது என்கிற ஒரே ஒரு எண்ணைக் கூட்டினால் போதும், யார் காதுக்கும் எட்டாது. அவன் லேப்டாப்பை மூடிவைத்தான்.

காலையிலிருந்து அவன் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவளும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.