வெறும் உப்பு

ஓவியன் சித்தார்த்தன் மூன்று படங்களையும் சுவரில் சாய்த்து வைத்தான். மூன்றும் மரக்காணம் உப்பளத்தில் வரைந்தவை.

பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் நோட்டைத் திறந்தார். “ரெண்டாயிரத்து மூணுல உங்க மனைவியோட முகம். நாலுல முதுகு மட்டும். சுனாமிக்கு அப்புறம், அஞ்சுல, வெறும் உப்புக் குவியல். ஆளே இல்லை.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பாணி எப்படி சார் வந்தது?”

“எல்லாம் அவளாலதாங்க” என்றான் சித்தார்த்தன் பெருமையாக.

அப்போது உப்பு வாரும் பலகையோடு அவன் மனைவி தனக்கோடி உள்ளே வந்தாள்.

“மொத படத்துக்கு அசையாம நின்னேங்க. மேஸ்திரி கத்தினாரு. அடுத்ததுக்குத் திரும்பிக்கிட்டு உப்பு வாரினேன். மூணாவதுக்கு, இவரு வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள பாத்தியையே வாரிக் குவிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்!”