சுவரில் ஊன்றிய கை

எடை மெஷினுக்குப் பொறுக்கவில்லை. தெய்வசிகாமணிக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தினமும் எடை பார்த்துக் காலண்டரில் எழுது, கூடினால் உடனே வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரோ ஆஸ்பத்திரிக்குப் பயந்து, மெஷினில் ஏறியதும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வார். முள் அறுபத்தெட்டைத் தாண்டாது.

"அந்தக் கையை விட்டுத் தொலையேன்" என்றது மெஷின், சுவரிடம்.

"பாவம், விழுந்துடக் கூடாதேன்னு தாங்குறேன்."

"நீ தாங்குறது அவரை இல்ல, அவர் உடம்புல ஏறின தண்ணிய. நேத்து செருப்பே காலுக்கு நுழையல."

"கையை எடுக்க வைக்கணும்னா காரையைத்தான் உதிர்க்கணும். அசிங்கமா இருக்குமே!"

"இருந்துட்டுப் போகட்டும். ஆளு இருக்கணும்."

மறுநாள் காலை கை பட்டதும், சுவர் பல்லைக் கடித்துக்கொண்டு காரையை உதிர்த்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். முள் எழுபத்தொன்றில் போய் நின்றது.

குனிந்து பார்த்தவர் மனைவியைக் கூப்பிட்டார். "மங்கை, ஆட்டோ பிடி."

பத்து நாள் கழித்து அவர் திரும்பியபோது, மங்கை கொத்தனாரை வரவழைத்திருந்தாள்.

"அந்த இடத்தை மட்டும் பூச வேண்டாம்" என்றவர், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினில் ஏறினார்.