பதில் மரியாதை

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் ஜன்னலில் காயும் துவாலையைத் தாண்டிப் பாய்மேல் விழுகிறது. ஆறு பாய் விரித்தால் முடிந்துபோகிற அறை. பழைய சாமான் கடையில் உடைசலோடு உடைசலாகக் கிடந்த ஐந்து ஸ்பீக்கர்களைத் தோகுஜி மூலைக்கொன்றாக வைத்து, மிஞ்சியதை டிவிக்கடியில் திணித்திருக்கிறான். ஒயர்களெல்லாம் மனைவி ஃபுமியின் தலையணையைச் சுற்றித்தான் ஓடுகின்றன. கால்கள் விளங்காமல் போனபின் மாடிப்படி இறங்காத அவளுக்குச் சினிமாக் கொட்டகையையே மேலே கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். ஒரே ஒரு தப்புச் செய்தான். முறை தவறக் கூடாதென்று, வரப்போகும் சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு, பக்கத்து வீட்டு மொரிவாக்கி அம்மாளுக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தான். பதில் மரியாதை இன்று காலை வந்தது: பூப்போட்ட துணியில் நேர்த்தியாகக் கட்டிய ஒரு ஹெட்போன்.

"ரொம்ப நல்ல மனசுங்க அவங்களுக்கு," என்கிறாள் ஃபுமி. "ஒத்த வார்த்தை திட்டாம வாயை அடைச்சுட்டாங்க பாருங்க."

"மாட்டிக்கோ. படத்தைப் போடறேன்."

"அப்ப உங்களுக்கு?"

"நான் உன் மூஞ்சியப் பாத்துக்கறேன். அதுக்கு டிக்கெட் கிடையாதே."

ஐந்து ஸ்பீக்கர்களும் ஊமையாக நிற்கின்றன. திரையில் யாரோ வழுக்கி விழுகிறார்கள். ஃபுமி சிரிக்கிறாள், காது அடைத்திருப்பதால் தன் சத்தம் தனக்கே தெரியாமல், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். மரச்சுவரை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விரல்முட்டியால் தட்டுகிறார்கள். அவளுக்குக் கேட்கவில்லை, இன்னும் சிரிக்கிறாள். தோகுஜி எழுந்து, சுவரைப் பார்த்து, நெற்றி அதில் முட்டும்வரை குனிந்து வணங்குகிறான்.