யோகமலரின் ஹோம்வேர்க்

"ஹவ் மெனி சில்ட்ரன் டு யூ ஹாவ்?"

ரீச்சர் ஜேனட் கேட்டு வாய் மூடவில்லை, ஜெகதீஸ்வரி பட்டென்று சொன்னாள்: "ஐ ஹாவ் திரீ சில்ட்ரன்."

பக்கத்துக் கதிரையில் இருந்த யோகமலருக்குச் சுரீர் என்றது. மூன்றா? இருவருடைய பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம். தினமும் பின்னேரம் ஜெகதீஸ்வரி கூட்டிக்கொண்டு போவது இரண்டே இரண்டு பெண் பிள்ளைகளை. யோகமலர் அவள் வீட்டுக்கும் போயிருக்கிறாள். அங்கே மூன்றாவதாக ஒரு பூனைகூட இல்லை.

லண்டன் மனோர் பார்க்கில் ஒரு சின்ன மண்டபத்தில்தான் இந்த ஆங்கிலப் பேச்சு வகுப்பு. ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்த யோகமலருக்கு, டொக்டரிடம் போனாலும் மகள் கோசிகாதான் வாய். அந்த வெட்கத்தில்தான் வகுப்பில் சேர்ந்தாள். ஜெகதீஸ்வரியோ ஊரிலிருந்து நேரே வந்தவள், புதிது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருஷன் சண்முகராசாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"இல்லாத பிள்ளைக்கும் சேர்த்தெல்லோ அரசாங்கத்திட்டைப் பெனிபிட் காசு எடுக்கிறா! நீங்கள் பெற்றோல் ஸ்ரேசனில டபுள் ஷிப்ட் அடிச்சு வரி கட்டுறியள். அவ நோகாமல் இருந்து தின்னுறா."

"உமக்கு ஆர் சொன்னது?"

"அவவே சொன்னவ. வகுப்பில எல்லாருக்கும் முன்னால."

"ஒருக்கா அவவிட்டையே கேட்டுப் பாருமன்."

"கள்ளர் உண்மை சொல்லுவினமோ?"

சண்முகராசா தேத்தண்ணியோடு டிவிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த வகுப்பில் ஜேனட் ஒரு ஹோம்வேர்க் கொடுத்தாள். யாருக்காவது போன் பண்ண வேண்டும். ஒருவருடைய உதவியும் இல்லாமல் ஆங்கிலத்திலேயே கதைத்து முடிக்க வேண்டும்.

யாருக்கு என்று யோகமலர் யோசிக்கவே இல்லை. பெனிபிட் கள்ளரைப் பற்றி அறிவிக்கிற இலக்கம் பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்தது. அறிவிக்கிறவர் தன் பெயர் சொல்லத் தேவையில்லை என்றும் போட்டிருந்தார்கள். அது இன்னும் வசதி.

கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். பிறகு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் கதைத்தவனுக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. திருப்பிச் சொல்லச்சொல்லி ஒருதரம்கூட அவன் கேட்கவில்லை. "தாங்க் யூ, யூ ஹாவ் பீன் வெரி ஹெல்ப்ஃபுல்" என்று வேறு சொன்னான்.

வாழ்நாளில் முதன்முதலாகத் தானே ஆங்கிலம் கதைத்த சந்தோஷத்தில் யோகமலர் அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஜெகதீஸ்வரி வகுப்புக்கு வராமல் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் வாடிக் கிடந்தது. இடைவேளையில் யோகமலர் ஒன்றும் தெரியாதவள்போலப் பக்கத்தில் போனாள்.

"என்ன, உம்மைக் கனநாளாக் காணேல்லை?"

"பெனிபிட் கந்தோர் ஆக்கள் வீட்டை வந்தவை, அக்கா. எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டினம்."

யோகமலர் தேத்தண்ணியை ஊதினாள். "நீர் என்ன சொன்னனீர்?"

"மூண்டெண்டன். காசு ரண்டு பேருக்குத்தானே எடுக்கிறீர், மற்றப் பிள்ளை எங்கை எண்டு கேட்டினம்."

யோகமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரண்டு பேருக்குத்தான் எடுக்கிறீரோ?"

"பின்ன? மூத்தவன் ஊரில சண்டை நேரம் ரியூஷனுக்கெண்டு சைக்கிளில போனவன், அக்கா. இன்னும் வரேல்லை. தேடாத இடமில்லை. அதையெல்லாம் இங்கிலிஸில எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. 'அப்ப உமக்கு ரண்டு பிள்ளையள்தான், என்ன?' எண்டு அவையே கேட்டினம். நான் 'யெஸ்' எண்டிட்டன்."

ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"தமிழில ஒருநாளும் நான் சொல்லாத சொல்லு, அக்கா. அவன் இல்லையெண்டு என்ர வாயாலையே சொல்லிப்போட்டன்."

யோகமலருக்குத் தன் ஹோம்வேர்க் ஞாபகம் வந்தது. ஒருநாள், ஒரேயொரு நாள், தமிழில் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள்.

"ஆரோ போன் பண்ணிச் சொல்லித்தான் வந்தவையாம்" என்றாள் ஜெகதீஸ்வரி.

"ஆராம்?" யோகமலரின் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்தைத் தனக்கான இரக்கம் என்று நினைத்து, ஜெகதீஸ்வரி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரோ தெரியேல்லை. ஆனா எங்கட ஆக்களா இருக்காது, அக்கா. காணாமல் போன பிள்ளையையும் சேர்த்துத்தான் தாய் கணக்குச் சொல்லுவாள் எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியுந்தானே."