செத்தவர் பேரில் ஒரு பில்

"செத்து ரெண்டு மாசமாச்சு பாய்! செத்தவருக்கு இளைப்பு மருந்தா?"

ஆண்டிச்சாமி போட்ட சத்தத்தில், டாக்டரைப் பார்க்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமலைக்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

திண்டுக்கல்லில் புண்ணாக்குக் கடை வைத்திருப்பவர் ஆண்டிச்சாமி. எடையில் ஒரு குண்டுமணி விடமாட்டார். அவரிடமா இந்த வேலை!

அவருடைய அய்யா மலைச்சாமிக்கு மூணு வருஷமாக இளைப்பு. நிலக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இருந்தார். டாக்டர் கொடுத்த கண்ணாடிப் பம்பில் மருந்தை ஊற்றி ரப்பர் உருண்டையை அமுக்கினால் புகையாக வரும். வீட்டிலேயே வாயில் வைத்து இழுத்துக்கொள்ளலாம். மருந்து மாதாமாதம், சந்தைக்குப் பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் ஊருக்குப் போகும். பில் மகன் கடைக்கு வரும்.

அய்யா வைகாசியில் போய்ச் சேர்ந்தார். ஆனிக்கும் பில் வந்தது, ஆடிக்கும் வந்தது!

"மலைச்சாமி, மருந்து ரெண்டு புட்டி, பதினோரு ரூவா. யாரு பாய் இழுத்தா? அவரு ஆவியா?"

பெஞ்சிலிருந்த ஒரு அம்மாள் மோவாயில் கை வைத்தாள். "அடப்பாவிகளா, செத்தவுகளையும் விடலியா!"

கம்பவுண்டர் அப்துல் ஜப்பார் பதறவில்லை. "மெதுவாப் பேசுங்க தம்பி. அவரு மவுத்தானது தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதுனீக? போலீசுக்குப் போறேன் பாருங்க! இன்னியோட கணக்க முடிங்க. பம்புக்குக் கட்டுன முன்பணம் பதினஞ்சு ரூவாயத் திருப்பிக் குடுங்க."

ஜப்பார் அலமாரியைத் திறந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இது மூணு வருஷத்துக்கு முன்னால நான் அனுப்புன மொதப் பில்லு. பேரப் படிங்க."

ஒச்சம்மாள் என்று இருந்தது. ஆண்டிச்சாமியைப் பெற்றவள்.

"பின்னாடி திருப்புங்க. உங்க கையெழுத்துதான?"

ஆண்டிச்சாமியின் கையெழுத்தேதான். 'பொம்பளைக்கு இம்புட்டுச் செலவு எதுக்கு? சுக்கைத் தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லவும்.'

"அதான் சுக்குலயே ஆத்தாவுக்குச் சரியாப் போச்சே!"

"சுக்குலயா?" ஜப்பாருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "மறுநாளே உங்க அய்யா வந்தாரு. 'அவளுக்குன்னா எம்மகன் பில்லைத் திருப்பிருவான். எம்பேருல எழுதுங்க பாய். நிலம் எம்பேருல இருக்கு, எனக்குன்னா தட்டமாட்டான்'னு சொன்னாரு. டாக்டரும் சரின்னுட்டாரு."

"அப்ப அய்யாவுக்கு..."

"அந்த மனுசன் ஒரு நாளும் இளைச்சதில்ல தம்பி. மருந்து பூராவும் உங்க ஆத்தாவுக்குத்தான்."

மாசம் ஒரு தடவை அய்யா கடைக்கு வருவார். கல்லா முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார். அத்தனையும் நடிப்பா?

பெஞ்சிலிருந்த அம்மாள் இப்போது ஆண்டிச்சாமியை முறைத்தாள்.

"போகுது விடுங்க தம்பி," என்றார் ஜப்பார். "போலீசுக்குப் போறதுன்னா போங்க. மருந்த மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க. நேத்துகூட ஆத்தா சொல்லி அனுப்பிருக்காங்க, இந்த ஆடி மேகாத்துல ரொம்ப முடியலியாம். ராத்திரி பகலா அந்தப் பம்புதான் அவங்க உசுரப் பிடிச்சு வச்சிருக்கு."

ஆண்டிச்சாமியின் முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி? பையில என்ன?"

ஜப்பாரே பையை வாங்கித் திறந்தார். உள்ளே கண்ணாடிப் பம்பு. ரப்பர் உருண்டையில் மருந்து ஈரம் இன்னும் காயவில்லை.

"காலையில ஊருக்குப் போயி எடுத்துட்டு வந்தேன் பாய்... 'செத்த நேரம் இருக்கட்டும் அப்பு, சாயந்தரம் கொண்டு போ'ன்னு ஆத்தா கெஞ்சுச்சு. அய்யா நெனப்புல அழுகுதுன்னு நெனச்சுட்டேன். பதினஞ்சு ரூவாய்க்காகக் கையில இருந்து புடுங்கிட்டு வந்துட்டேன்..."

ஜப்பார் பையை அவர் கையில் திணித்து, வாசலைப் பார்த்துத் தள்ளினார்.

போலீசுக்குப் போவேன் என்று கத்திய அந்தத் தொண்டையிலிருந்து இப்போது காற்றுத்தான் வந்தது.

"பாய்... நிலக்கோட்டைக்கு அடுத்த பஸ்சு எத்தன மணிக்கு?"